தம்புள்ளையில் ரிட்டர்ன் லோட் பிடித்துத் தரும் அண்ணை: பதினெட்டு மாத ஓட்டத்துக்குப் பின் என் மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் சொந்த லொறி வைத்துத் தானே ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொம்பனி வண்டி ஓட்டுகிறவருக்கு வண்டி வெறுமையாகத் திரும்பி வந்தாலும் மாதக் கடைசியில் சம்பளம் வரும். எங்களுக்கு அப்படி இல்லை. வெறும் வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றரும் பிள்ளையின் ரியூஷன் காசிலிருந்துதான் போகிறது.

என்னுடையது மிட்சுபிசி கன்டர், பதினாலரை அடிப் பெட்டி. வீடு சுன்னாகத்துக்கும் புன்னாலைக்கட்டுவனுக்கும் இடையில். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய லொறிகளின் விலை கண்டபடி ஏறியிருந்த நேரத்தில் லீசிங்கில் எடுத்தேன். மாதம் 68,000 ரூபா கட்ட வேண்டும். ஹயர் (வாடகை ஓட்டம்) இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் திகதி வந்துவிடும். அதனால் எந்தப் பக்கம் ஓடுவது என்பது எனக்கு மிகப் பெரிய கேள்வி. கொழும்பா, தம்புள்ளையா, திருகோணமலையா, மன்னாரா? எல்லாப் பக்கமும் ஓடிப் பார்த்துவிட்டேன். இப்போது பெரும்பாலும் தம்புள்ளைக்குத்தான் ஓடுகிறேன். அதற்குக் காரணம் அந்தச் சந்தை மட்டுமல்ல, அங்கே சாமானை இறக்கிய பிறகு, வெறுமையாகத் திரும்பாமல் ஏற்றிவர ரிட்டர்ன் லோட் பிடித்துத் தருகிற ஓர் ஆள். அவருடைய சேவையைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு. பெயர் போடவில்லை, போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் 1999 இல் தொடங்கியது. நுவரெலியாவிலிருந்து வரும் கரட்டும் லீக்ஸும், வெலிமடை உருளைக்கிழங்கும், சுற்றுவட்டாரத்துப் பூசணியும் பெரிய வெங்காயமும் அங்கே வந்து இறங்கி, இரவோடிரவாக நாட்டின் நாலு பக்கமும் பிரிந்து போகும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு லோட்டுக்குப் பஞ்சமே இல்லாத இடம் போலத் தெரியும். முதன்முறை போனபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். வாழைக்குலை இறக்கிவிட்டு, கடை கடையாகப் போய் “யாழ்ப்பாணத்துக்கு ஏதும் இருக்கா” என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். எல்லோருக்கும் வழக்கமான லொறி இருந்தது. காலை பதினொரு மணிக்கு வெறும் வண்டியோடு புறப்பட்டேன். மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா என்று 250 கிலோமீற்றர், பின்னால் பெட்டி தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

அடுத்த முறை சாவகச்சேரி லொறிக்காரர் ஒருவர்தான் இந்த அண்ணையைக் காட்டினார். கேற்றுக்கு வெளியே தேத்தண்ணிக் கடையின் ஓரம், ஒரு பிளாஸ்டிக் கதிரை, இரண்டு போன், ஒரு சீ.ஆர். கொப்பி (மட்டை போட்ட தடித்த கொப்பி). இவ்வளவுதான் அவருடைய ஒபிஸ். மாத்தளைப் பக்கத்து ஆள். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் வரும். முப்பது முப்பத்தைந்து கடைக்காரர்களை அவருக்குத் தெரியும், அவர்களில் யார் சொன்னபடி நடப்பார்கள், யார் நடக்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

வேலை நடக்கிற விதம் இதுதான். பின்னேரம் மருதனார்மடத்திலோ சுன்னாகத்திலோ லோட் ஏற்றிக்கொண்டு ஆறரை, ஏழு மணிக்குப் புறப்படுவேன். புறப்படும்போது வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவேன்: “அண்ணை, இண்டைக்கு வாறன். மூண்டரை டொன் ஏத்தலாம். என்ன இருக்கு?” நான் வவுனியாவில் சாப்பிட நிறுத்துகிற நேரத்துக்குள் பதில் வந்திருக்கும். ஒருமுறை வந்ததை அப்படியே சொல்கிறேன். “தம்பி, கரட் மூணு டொன் இருக்கு, ஆனா நுவரெலியா லொறி விடிஞ்சுதான் வரும். பத்து மணிக்கு முன்னால ஏத்த ஏலாது. பூசணி இப்பவே கெடக்கு, அஞ்சு மணிக்கு ஏத்தலாம், ரேட் நாலாயிரம் குறைவு. எது வேணும்னு நீங்களே பாருங்க.”

இந்தப் பதிலில் எனக்கு மிகவும் பெறுமதியானது ரேட் இல்லை. ஏற்றி முடியும் நேரம். நான் ஓடின மற்ற இடங்களில் எல்லாம் “லோட் ரெடி, வாங்கோ” என்பார்கள். போனால் சாமான் இன்னும் வந்திருக்காது. இவர் பத்து மணி என்றால் பத்து மணி. ஐந்து என்றால் நாலே முக்காலுக்கு மூட்டை தூக்குகிற நாட்டாமைமார் வந்து நிற்பார்கள். காலை ஆறரைக்குத் தம்புள்ளையை விட்டு வெளிக்கிட்டால் மத்தியானம் ஒன்றரை போல வீட்டில் நிற்கலாம். பத்தரைக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் ஐந்தரை, ஆறு ஆகும். இறக்கிவிட்டு அன்றிரவே அடுத்த லோட்டுக்குப் புறப்பட முடியாது. நாலாயிரம் கூட வாங்கி ஒரு நாளை இழப்பதா, நாலாயிரம் குறைத்து அந்த நாளைக் காப்பாற்றுவதா? அன்று நான் பூசணியை எடுத்தேன். அடுத்த பயணத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

கணக்கை விரித்துச் சொன்னால்தான் விளங்கும். என் மனைவி ஒவ்வொரு ஓட்டத்தையும் கொப்பியில் எழுதுகிறாள். டீசல் லீற்றர் 280 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டி ஏற்றியும் இறக்கியும் சராசரியாக லீற்றருக்கு 6.5 கிலோமீற்றர் ஓடும். ரயருக்கும் ஒயிலுக்கும் சின்னச் சின்னத் திருத்தத்துக்கும் சேர்த்துக் கிலோமீற்றருக்கு 11 ரூபா ஒதுக்குகிறோம். இந்த 11 ரூபாவை ஒதுக்காமல் இலாபம் பார்க்கிறவர்கள் ஆறு ரயரும் ஒன்றாகத் தேய்கிற மாதத்தில் நகை அடகு வைக்கிறார்கள். என் சொந்தக்காரர்களிலேயே இரண்டு பேர் அப்படி வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கொழும்பு போய்வர, ஊருக்குள் சுற்றுவதோடு 840 கிலோமீற்றர். போக 65,000, வர 45,000, மொத்தம் 110,000 வரவு. டீசல் 36,000 சொச்சம், ரயர் ஒயில் 9,240, கிளீனர் பெடியனுக்கு மூன்று நாள் 10,500, சாப்பாடு பார்க்கிங் 6,000, ஏஜென்ட் கொமிசன் 4,500. மிச்சம் 43,500 அளவில். கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் அது மூன்று நாள் உழைப்பு, நாளுக்கு 14,500. திரும்ப வர லோட் ஒரு நாள் பிந்தினால் கிளீனருக்கு இன்னொரு நாள் சம்பளம், எங்களுக்கு இன்னொரு நாள் சாப்பாடு. அப்போது நாளுக்குப் பத்தாயிரத்துக்குக் கீழே விழுந்துவிடும்.

தம்புள்ளை போய்வர 530 கிலோமீற்றர். போக 36,000, வர 33,000, மொத்தம் 69,000. டீசல் 22,800, ரயர் ஒயில் 5,830, கிளீனருக்கு ஓட்டத்துக்கு 5,000, சாப்பாடு 2,500, அண்ணைக்கு 2,500. மிச்சம் 30,000 சொச்சம். ஒன்றரை நாளில் முடிகிற வேலை. நாளுக்கு 20,000. வரவு கொழும்பை விட 41,000 குறைவு, ஆனால் கையில் நிற்பது நாளுக்கு ஐயாயிரம் கூட. இதை முதன்முதலில் கண்டுபிடித்தது மனைவிதான். “ஹயர் காசை எழுதாதேங்கோ, பக்கத்தில எத்தினை நாள் எண்டு எழுதுங்கோ” என்றாள். அதற்கு முன் நான்கு மாதம் கொழும்பு ஓட்டத்தைப் பெரிதென்று நினைத்து ஓடியிருக்கிறேன்.

அண்ணை எடுக்கிற 2,500 ரூபாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது லோட்டுக்கு இவ்வளவு என்று வைத்த நிலையான காசு. லோட் 25,000 என்றாலும் 45,000 என்றாலும் அவருக்கு அதே 2,500. நூற்றுக்குப் பத்து எடுக்கிற ஏஜென்ட்மார் எப்போதும் பெரிய ஹயரைப் பற்றித்தான் பேசுவார்கள், ஏனென்றால் அவர்களின் பங்கு அதிலிருந்துதான் வருகிறது. தூர இடத்து லோட்டை நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். காத்து நிற்பது நாங்கள், அவர்களுக்கு அதில் நட்டமில்லை. நிலையான காசு வாங்குகிறவருக்கோ வண்டி எவ்வளவு கெதியாக ஏற்றிப் போகிறதோ, எவ்வளவு அடிக்கடி திரும்பி வருகிறதோ அவ்வளவுக்கு வருமானம். அவருக்கும் எனக்கும் தேவை ஒன்றாகிவிடுகிறது. ஏஜென்ட் தேடுகிறவர்கள் முதலில் கொமிசன் எப்படி என்று கேளுங்கள். எவ்வளவு என்பதை அப்புறம் கேட்கலாம்.

கொழும்பில் எனக்கு நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். புறக்கோட்டைப் பக்கத்து ஏஜென்ட் ஒருவர், நூற்றுக்குப் பத்து. நாலாம் குறுக்குத் தெருவிலிருந்து பருப்பும் மல்லியும் ரெடி என்றார். பேலியகொட மெனிங் சந்தையில் முருங்கைக்காய் இறக்கிவிட்டு நேரே போனேன். நல்லவேளை, மெனிங் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடவுக்கு மாறிய பிறகு காய்கறி இறக்கப் புறக்கோட்டை நெரிசலுக்குள் போக வேண்டியதில்லை. ஆனால் பலசரக்கு ஏற்றப் போக வேண்டுமே. போய் 31 மணித்தியாலம் காத்திருந்தேன். இரவு வண்டியிலேயே படுத்தேன், பெடியனும் நானும் மாறி மாறி முழித்திருந்தோம். கடைசியில் 45,000 என்று பேசிய ஹயர் 38,000 ஆனது. “வேணுமெண்டால் ஏத்துங்கோ” என்றார்கள். ஏற்றினேன், வேறு வழி இல்லை. அந்த மூன்றாம் நாள் இரவு கிளிநொச்சிக்கு முன்னால் கண் சொக்கியது. றோட்டில் மாடு படுத்திருந்ததைக் கடைசி நொடியில்தான் கண்டேன். அதற்குப் பிறகு கொழும்புக்குப் போவதென்றால், திரும்ப வர லோட் கொடுக்கிற கடைக்காரரோடு நானே பேசி உறுதி செய்த பிறகுதான் போகிறேன்.

நித்திரையையும் இந்த மதிப்பீட்டில் சேர்க்கிறேன், ஏனென்றால் அதுவும் ஓட்டத்தின் செலவுதான். தம்புள்ளைக்கு விடியப்புறம் ஒன்றரைக்குப் போய், இறக்கிவிட்டு மூன்று மணியிலிருந்து ஏற்றத் தொடங்கும் வரை படுக்கலாம். ஏற்றும் நேரம் முதலே தெரிந்திருப்பதால் பயமில்லாமல் படுக்க முடிகிறது. “லோட் எப்ப வரும், வேறு யாரும் எடுத்துவிடுவார்களா” என்று எழும்பி எழும்பிப் பார்க்கிற நித்திரை நித்திரையே இல்லை.

இனிக் காலங்களைப் பற்றி. யாழ்ப்பாண ஓட்டத்தில் ஒரு பக்கம் கொழுத்தால் மறுபக்கம் மெலியும். மாசி, பங்குனியில் வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் கோவாவும் பீற்றூட்டும் கத்தரியும் குவிந்து கிடக்கும். அப்போது இங்கிருந்து போக லொறி தேடி அலைவார்கள், ரேட்டும் ஏறும். தம்புள்ளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வருவது குறையும், கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு மட்டும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் தோட்டமெல்லாம் தண்ணி. இங்கிருந்து வாழைக்குலையும் கொஞ்சம் தேங்காயும் தவிர ஒன்றும் இராது. ஆனால் அங்கிருந்து வரும் பக்கம் அள்ளிக் கொடுக்கும். ஒரு பக்க ரேட்டைப் பார்த்து முடிவெடுக்கிறவர் அரைவாசி வருடம் வீட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். நான் நிறுத்துவதில்லை. இரண்டு பக்கமும் கூட்டி 65,000 தாண்டுமா, அது மட்டும்தான் என் கேள்வி.

நல்லூர்த் திருவிழா தனிக் கதை. கொடியேறினதிலிருந்து 25 நாளும் யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளில் மச்சம் காய்ச்சமாட்டார்கள். மரக்கறி விற்பனை எகிறும். கந்தசஷ்டி, கௌரி விரத நாட்களிலும் இப்படித்தான், கொஞ்சம் சின்ன அளவில். தம்புள்ளை வியாபாரிகளுக்கு இந்த நாட்கள் தெரிந்திருந்தாலும் அந்தந்த வருடத் திகதி தெரியாது. சென்ற முறை கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்பே அண்ணைக்குத் திகதிகளை அனுப்பினேன். அவர் மூன்று கடைக்காரரோடு பேசி எனக்கு ஏழு லோட் முன்கூட்டியே பிடித்து வைத்தார், ஒவ்வொன்றும் 42,000 இற்குக் குறையாமல். அதில் இரண்டு தடவை இங்கிருந்து லோட் கிடைக்காமல் வெறும் வண்டியோடு போனேன். வெறும் வண்டி என்றால் டீசலும் குறைவாகத்தான் குடிக்கும், போகிற பக்கம் பத்தாயிரத்துக்குள் அடங்கியது. போகிற பக்கம் வெறுமையாகப் போகக்கூடாது என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அந்த இரண்டு லோட்டையும் இழந்திருப்பேன்.

பிளாஸ்டிக் கூடைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தக்காளி, போஞ்சி எல்லாம் கூடையில் வரும். வெறும் கூடையைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். எடை இல்லை, ஆனால் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். “சும்மாதானே போறீர், கொண்டுபோங்கோ” என்பார்கள் இங்குள்ள வியாபாரிகள். நூறு கூடை ஏற்றினால் அந்த இடத்தில் பத்து வாழைக்குலை ஏற்ற முடியாது. அண்ணைதான் அங்குள்ள கடைக்காரரோடு பேசி, கூடைக்கு 40 ரூபா என்று எனக்கு வாங்கித் தந்தார். நான் கேட்கவில்லை. என் வண்டியை அங்கே நின்று பார்த்து, தானாகச் செய்தது.

இனி அவருடைய குறைகள். மறைக்க மாட்டேன்.

முதலாவது, எடை. ஐந்தாவதோ ஆறாவதோ ஓட்டம். பூசணி மூன்றரை டொன் என்றார். பூசணியைப் பார்வையால் அளக்க முடியாது, மழைக்குப் பிறகு பிடுங்கினது என்றால் கல் போல இருக்கும். மதவாச்சி தாண்டியதும் பின்பக்கம் ‘டக்’ என்றது. இறங்கிப் பார்த்தால் ஸ்பிரிங் பட்டை ஒன்று முறிந்திருந்தது. வவுனியாவில் ஒரு கராஜில் போட்டு மாற்ற 14,000 ரூபாவும் ஒன்பது மணித்தியாலமும் போனது. யாழ்ப்பாணத்தில் தராசில் போட்டால் நாலரை டொன்னுக்குக் கிட்ட. எடையைத் தான் சரிபார்க்காமல் கடைக்காரர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டதாக அண்ணை ஒத்துக்கொண்டார். அடுத்த மூன்று லோட்டுக்குக் காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு தராசுத் துண்டு இல்லாமல் எனக்கு எதையும் ஏற்ற விடுவதில்லை. ஆனாலும் அன்று பட்டை முறிந்த இடத்தில் வளைவு ஒன்று இருந்திருந்தால் நிலைமை வேறு. புதிதாகப் போகிறவர்கள் தராசுத் துண்டைத் தாங்களே கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, அவர் பில் தருவதில்லை. சீ.ஆர். கொப்பியில் அவர் எழுதுவார், நான் போனில் படம் எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான். இன்னொரு லீசிங் எடுக்கப் போனால் வருமானத்துக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். அதற்கு இது போதாது. இரண்டு தடவை சொல்லியும் மாற்றவில்லை.

மூன்றாவது, எல்லாம் ஒரே ஆளின் தலையில். அவர் காலை பதினொரு மணிக்குப் பிறகு படுத்தால் பின்னேரம் நாலு மணி வரை போன் எடுக்கமாட்டார். இரவு முழுவதும் முழித்திருக்கிற மனிதர், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சென்ற வருடம் சுகமில்லாமல் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவருக்குப் பதில் யாருமே இல்லை. அந்த ஒன்பது நாளில் நாலு ஓட்டம் போனேன், இரண்டில் வெறும் வண்டியோடு திரும்பினேன். அன்றுதான் அவருடைய சேவை என் மாத வருமானத்தில் எவ்வளவு என்று சரியாகத் தெரிந்தது. அதே நேரம், ஒரே ஆளை நம்பி இருக்கிறேனே என்ற பயமும் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு கடைக்காரர்களின் இலக்கத்தை நேரடியாக வாங்கி வைத்திருக்கிறேன். அண்ணைக்குத் தெரிந்துதான் வாங்கினேன். அவரே எழுதித் தந்தார்.

காசு விஷயத்தில் அவரை நான் முழுதாக நம்புகிறேன். ஹயர் காசை இங்கே சாமான் எடுக்கிற வியாபாரி இறக்கும்போது கையில் தரவேண்டும். ஒருவர் “நாளைக்கு, நாளைக்கு” என்று பதினொரு நாள் இழுத்தார். கிழமைக்கு இரண்டு தடவை சந்தைக்குப் போய் அவர் கடை முன்னால் நின்றேன். அண்ணையிடம் இதைச் சொன்னேனே தவிர, அவரிடம் காசு கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை என் கணக்கில் 33,000 ரூபா விழுந்தது. போன் எடுத்துக் கேட்டால், “நான் சொல்லித்தானே தம்பி ஏத்துனீங்க. அந்தாள்கிட்ட நான் வாங்கிக்கிறேன்” என்றார். அவருடைய பதின்மூன்று லோட் வருமானம் அந்தக் காசு. பிறகு அவருக்கு அது கிடைத்ததா என்று கேட்டேன், சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போனார்.

திருகோணமலைப் பக்கம் யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சீனக்குடாவில் மாவு ஆலை இருக்கிறது, சீமெந்துத் தொழிற்சாலையும் அந்தப் பக்கம்தான். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு எப்போதும் சாமான் வரும். மாவும் சீமெந்தும் அழுகாது, ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவர வேண்டியதில்லை, எடையும் மூட்டைக் கணக்கில் சரியாக இருக்கும். ஆனால் இங்கிருந்து அங்கே கொண்டுபோக அவ்வளவாக ஒன்றுமில்லை. வரிசையில் நிற்கிற நேரமும் உண்டு, பெரும்பாலும் பெரிய லொறிகளுக்குத்தான் அந்த ஓட்டம் கட்டும். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை போகிற றோட்டில் இரவில் யானை நிற்கும், அதனால் நான் அந்தப் பக்கம் பகலில் மட்டுமே ஓடுவேன். பகலில் மட்டும் ஓடினால் ஒரு நாள் கூடப் போகும். அண்ணைக்குத் திருகோணமலையில் ஆளில்லை. கேட்டால் “எனக்குத் தெரியாத எடம் தம்பி” என்று நேரே சொல்லிவிடுவார். மன்னார் ஓட்டம் சங்குப்பிட்டிப் பாலத்தால் கிட்டத்தான், 120 கிலோமீற்றர் போல. கருவாடும் சில்லறைச் சாமானும் பட்டா மாதிரிச் சின்ன வண்டிக்குப் போதும், என் அளவுக்கு நிரம்பாது. மீன் ஓட்டத்துக்குக் கூலர் பெட்டி வேண்டும், அது என்னிடம் இல்லை.

எங்கள் அப்பாவும் லொறி ஓட்டினவர். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை மூடப்பட்டபோது அவருடைய லொறி வளவுப் புளியமரத்தின் கீழ் நின்றது. போர் முடிந்து பாதை திறந்தபோது அதன் அடிப்பகுதி துருப்பிடித்துக் கொட்டிவிட்டது. எந்தப் பக்கம் ஓடலாம் என்று தேர்ந்தெடுக்கிற வசதி அவருக்குக் கிடைக்கவில்லை. 2022 இல், இந்த வண்டியை எடுப்பதற்கு முன், நான் இன்னொருவரின் வண்டிக்குச் சாரதி. 2021 டிசம்பரில் 121 ரூபா விற்ற டீசல் அடுத்த ஜூன் கடைசியில் 460 ஆனது. வண்டிக்கு இவ்வளவுதான் என்று பங்கிட்டுத் தந்த கியூஆர் கோட்டாவுக்கு வரிசையில் நின்று, அடித்த டீசலை எங்கே எரிப்பது என்று லீற்றர் லீற்றராக யோசித்தோம். கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற பழக்கம் அப்போது வந்தது. அந்த முதலாளி ஒவ்வொரு ஹயருக்கும் பழைய ரேட்டில் வாக்குக் கொடுத்து, அந்த வருடமே வண்டியை விற்றார். அதனால்தான் ஒவ்வொரு முறை டீசல் விலை மாறும்போதும் நான் அண்ணைக்கு அன்றே போன் எடுத்து, ரேட்டைக் கதைத்துக்கொள்கிறேன். அவரும் அதை ஏற்றுக்கொண்டு கடைக்காரரிடம் பேசுகிறார். விலை குறைந்தபோது நானும் குறைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். பில் தந்து, தனக்குப் பதில் ஒரு பெடியனையும் பழக்கி வைத்தால் ஐந்தும் கொடுப்பேன். பதினாலரை அடி, பதினாறரை அடி வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இவர் சரியான ஆள். இருபது அடிக்கு மேல் என்றால் அவரிடம் அந்த அளவுக்குச் சாமான் சேராது, திருகோணமலையைப் பாருங்கள்.

போகிறவர்கள் இன்னும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்குத் தம்புள்ளையில் நாட்டாமைமார் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள், சந்தை பழைய வேகத்துக்கு வர ஒரு கிழமைக்கு மேல் ஆகும். அந்த நாட்களில் அண்ணையும் மாத்தளைக்குப் போய்விடுவார். நான் அந்தக் கிழமையில்தான் வண்டியைக் கழற்றி, பிரேக் லைனிங், பெயாரிங், கிரீஸ் எல்லாம் பார்ப்பேன். பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாளான பொசன் போயாவுக்கு முன்னும் பின்னும் மிகிந்தலையில் சனம் நிறைந்திருக்கும், இரண்டு மணித்தியாலம் கூட வைத்துக்கொண்டு புறப்படுங்கள். அண்ணைக்குக் குரல் அனுப்புவதென்றால் இரவு எட்டு மணிக்கு முன் அனுப்புங்கள், எத்தனை டொன் ஏற்றலாம் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.